கோடாரிச் சத்தம் சாராளுக்குக் கேட்டிருக்குமா? வேதத்தைப் படமாக்க நான்கு வழிகள்

அக்கா மகன் குறும்படம் எடுக்கப்போகிறான். படிப்பின் கடைசி ஆண்டுக்கு 20 நிமிடப் படம் ஒன்று கொடுத்தாக வேண்டும். எடுத்துக்கொண்ட கதை ஆதியாகமம் 22ஆம் அதிகாரம்: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா தேசத்து மலைக்குக் கூட்டிப்போவது. கையில் 80,000 ரூபாய், இரவல் கேமரா ஒன்று, தேரிக்காட்டில் படம்பிடிக்கலாம் என்ற யோசனை, அவ்வளவுதான். "சித்தி, எந்த வழியில போகலாம்னு சொல்லுங்க" என்று வந்து உட்கார்ந்தான். எனக்குத் தெரிந்து நான்கு வழி உண்டு. நான்கையும் படங்களாகப் போட்டுப் பார்த்து, சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வர மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வேதத்திலிருந்து படம் எடுக்க நினைக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் ஞாயிறு படம் எதையும் போடவில்லை. ஆச்சியின் பழைய திருப்புதல் வேதாகமத்தை எடுத்துவைத்து அதிகாரத்தை வாசித்தோம். கதை 19 வசனத்தில் முடிந்துவிடுகிறது. நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் நாலு நிமிடம் ஆகாது. என்னென்ன இல்லை என்று பையன் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தான். ஆபிரகாம் அன்று ராத்திரி தூங்கினாரா, தெரியாது. மகனுக்கு என்ன வயது, இல்லை. மூன்றாம் நாள்தான் மலை கண்ணில் படுகிறது; அதுவரை வழியில் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. தாய் சாராளின் பெயர் அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் அகப்படாது. ஈசாக்கு வாய் திறப்பது ஒரே ஒரு வசனத்தில்: "இதோ, நெருப்பும் கட்டையும் இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் தகப்பன். அப்புறம் இருவரும் கூடிப்போகிறார்கள். கத்தியை எடுத்து, தூதன் தடுத்து, புதரில் சிக்கிய ஆட்டுக்கடாவைப் பலியிட்டு, எல்லாம் முடிந்து 19ஆம் வசனத்தில் ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பி வருகிறார். ஈசாக்கு கூட வந்ததாக எழுதியிருக்கவில்லை. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள்.

தமிழில் ஒரு வேடிக்கை. வேதத்தில் இருப்பதும் வசனம், சினிமாவில் நடிகர் பேசுவதும் வசனம். முதலாவது வசனம் இவ்வளவு சிக்கனமாக இருக்கும்போது இரண்டாவது வசனத்தை எங்கிருந்து எடுப்பது? சினிமா பிறந்த காலத்திலிருந்தே இந்தத் தலைவலி இருக்கிறது. நான்கு வழிகளும் இதற்கான நான்கு பதில்கள்தான்.

முதல் பதில்: எங்கிருந்தும் எடுக்காதே, இருப்பதை மட்டும் பேசு. இதற்கு இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 1964ஆம் வருஷத்து மத்தேயு சுவிசேஷப் படத்தைத் தாண்டி உதாரணம் தேட வேண்டியதில்லை. 1962 அக்டோபரில் அசிசி நகரத்துக்குப் போயிருந்தார் பசோலினி. போப்பாண்டவர் 23ஆம் யோவான் வருகிற நாள் என்பதால் தெருவெல்லாம் நெரிசல். அறையை விட்டு வெளியேற முடியாமல், அங்கே கிடந்த சுவிசேஷத்தை எடுத்து வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆள் மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அடுத்த வருஷமே வேறொரு குறும்படத்துக்காக மதத்தை அவமதித்தார் என்று இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனையும் கொடுத்தது. அப்படிப்பட்டவர் எடுத்த படம், இறந்துபோன அதே போப்பின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. வெனிஸ் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசையும் வாங்கியது. பேச்சு கிட்டத்தட்ட முழுக்க மத்தேயுவின் சொற்கள். இயேசுவாக 19 வயது ஸ்பானிய மாணவர் ஒருவர். வயதான மரியாளாக இயக்குநரின் சொந்தத் தாய் சூசன்னா.

இடத்தேர்வுக்காக 1963இல் பாலஸ்தீனம் வரை போய்வந்தார். அங்கே புதுக் கட்டடங்களும் புது வாழ்க்கையும்தான் கண்ணில் பட்டன. கடைசியில் தெற்கு இத்தாலியில் மாத்தேரா என்ற பாறைக்குடைவு ஊரில் எடுத்தார். தேரிக்காடு யோசனையை நான் உடனே ஒத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். செம்மண், பனை, கண்ணைக் கூசவைக்கும் வெயில். மோரியாவுக்கு அது போதும்.

இந்தப் படத்தின் தொடக்கத்தைப் பையனுக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினேன். ஒரு பெண்ணின் முகம். ஒரு ஆணின் முகம். மறுபடி அவள், இந்தத் தடவை முழு உருவமும் தெரிகிறது, கர்ப்பமாக இருக்கிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்கிறான். யாரும் பேசவில்லை. யோசேப்பு அவளை இரகசியமாய்த் தள்ளிவிட நினைத்தான் என்று மத்தேயு ஒரு வசனத்தில் சொல்லிப் போவதை இரண்டு முகங்களை வைத்தே சொல்லிவிடுகிறார். சொல் சேர்க்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டவருக்கு முகம் சேர்க்கத் தடையில்லை.

இதே வழியில் போன இன்னொரு படம், லூக்கா சுவிசேஷத்தை வைத்து 1979இல் எடுத்த 'ஜீசஸ்'. 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பட்ட படம் அது. லூக்காவுக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் வசனம் முன்னால் போக, படம் பின்னால் ஓடிவருகிறது, சொன்னதையே காட்டுகிறது. ஊழியத்துக்கு உதவும் படம்தான், பையன் அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. என் கருத்து இது. அக்காவுக்கு இதில் வருத்தம்.

தமிழில் இந்த வழியில் போகிறவருக்குத் தனியாக ஒரு சிக்கல் காத்திருக்கிறது. எபிரெயத்தில் ஆபிரகாம் அந்த அதிகாரத்தில் மூன்று தடவை ஒரே சொல்லைச் சொல்கிறார்: ஹினேனி, "இதோ இருக்கிறேன்". கடவுள் முதலில் கூப்பிடும்போது ஒரு தடவை, மலையேறும்போது மகன் கூப்பிட ஒரு தடவை, கத்தி கையில் இருக்கையில் தூதன் கூப்பிட ஒரு தடவை. ஒரே சொல்லால் மூன்று பேருக்கும் பதில் சொல்கிறவர் என்பதில்தான் அந்த மனிதரின் வேதனை எல்லாம் இருக்கிறது. நம் பழைய திருப்புதலில் கடவுளுக்கும் தூதனுக்கும் "இதோ அடியேன்" என்றும், மகனுக்கு மட்டும் "இதோ, இருக்கிறேன்" என்றும் பிரிந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் தகப்பன் மகனைப் பார்த்து அடியேன் என்பானா? ஆனால் எழுத்துக்கு எழுத்து எடுக்கிறேன் என்று புறப்படுகிறவன் எந்த எழுத்தை எடுக்கப்போகிறான்? பையன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "மூணு இடத்துலயும் 'இந்தா இருக்கேன்'னு வச்சா?" என்றான். ஆச்சி வேதத்தை அப்படிப் பேசவிட மாட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. 'தகனபலி' பேச்சில் நிற்காது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் உள்ள 'எரிபலி' கொஞ்சம் நிற்கும்.

இரண்டாவது பதில்: இடைவெளியை மரபிலிருந்து நிரப்பு. நான்கில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

1956இல் வந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தின் ஆரம்பத்தில் இயக்குநர் டெமில் திரைக்கு முன்னால் தாமே வந்து நின்று பேசுகிறார். மோசேயின் வாழ்க்கையில் ஏறத்தாழ முப்பது வருஷத்தை வேதாகமம் விட்டுவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதை நிரப்பப் பழைய வரலாற்று ஆசிரியர்களிடம் போனோம் என்கிறார். பைலோ, யோசேப்பஸ், மித்ராஷ் என்று பட்டியலும் போடுகிறார். அடேயப்பா, என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் மோசேயும் எகிப்து இளவரசி ஒருத்தியும் காதலிக்கிறார்கள். அது யோசேப்பஸ் சொன்னது இல்லை, ஹாலிவுட் சொன்னது. மரபிலிருந்து நிரப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு கடையில் வாங்கி நிரப்புவது இந்த வழியில் அடிக்கடி நடக்கும்.

மித்ராஷ் என்பது யூத ரபிமார் (வேத ஆசான்கள்) வேதத்தின் இடைவெளிகளைத் தோண்டித் தோண்டி எழுதிவைத்த விளக்கங்களும் கதைகளும். நமக்கு அந்நியமான பழக்கம் இல்லை இது. இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான் என்று வால்மீகி சொன்னதைக் கம்பன் ஏற்கவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துப்போக வைத்தான். மூலத்தின் மேல் மரியாதை இருப்பவன் செய்கிற திருத்தம் அது.

ஈசாக்கின் வயதைப் பாருங்கள். படங்களிலும் ஞாயிறு பள்ளிப் புத்தகங்களிலும் பத்து வயதுப் பையன்தான். ரபிமார் கணக்குப் போட்டார்கள்: சாராள் 90 வயதில் பெற்றாள், 127இல் இறந்தாள், அவள் சாவுக்குக் காரணமே இந்தச் செய்திதான், ஆகவே ஈசாக்குக்கு 37. யோசேப்பஸ் 25 என்கிறார். எங்களுக்கு இது வேதசாஸ்திர விவாதம் இல்லை. நாளைக்கு யாரை நடிக்கக் கூப்பிடுவது என்ற கேள்வி. பத்து வயதுப் பையன் என்றால் அது ஒரு கிழவர் ஒரு குழந்தைக்குச் செய்யும் கொடுமை. முப்பத்தேழு வயது ஆள் என்றால் நூறைத் தாண்டிய தகப்பன் அவனைப் பலவந்தமாகக் கட்டவே முடியாது. அவன் சம்மதித்துப் படுத்திருக்கிறான். வசனம் ஒன்றுகூட மாறாமல் கதை தலைகீழாகிவிடுகிறது. கட்டைச்சுமையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறவன் ஈசாக்குதான் என்று ஆறாம் வசனம் சொல்வதால் சின்னக் குழந்தையாக இருக்க முடியாது. நாங்கள் பதினேழு வயதில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறோம். ஓடலாம், ஆனால் ஓடவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜான் ஹூஸ்டன் 1966இல் ஆதியாகமத்தின் முதல் 22 அதிகாரங்களையும் படமாக்கினார். ஆபிரகாமாக ஜார்ஜ் ஸ்காட், சாராளாக ஆவா கார்ட்னர். படத்தின் பெரும்பகுதி தடபுடல். ஆனால் ஓர் இடம் இருக்கிறது. மோரியாவுக்குப் போகும் வழியில் தகப்பனும் மகனும் எரிந்து அழிந்த சோதோமின் இடிபாடுகளுக்குள் நடந்து போகிறார்கள். வேதத்தில் அப்படி இல்லை. ஆனால் நான்கு அதிகாரம் முன்னால், 18இல், இதே ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளிடம் பேரம் பேசியிருக்கிறார்: ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அழிப்பீரோ, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து. முன்பின் தெரியாத ஊராருக்காக ஆறு தடவை வாதாடியவர், சொந்த மகனுக்காக ஒரு சொல் கேட்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஹூஸ்டன் இடிபாடு ஒன்றைத்தான் சேர்த்தார். இந்த வழியின் நல்ல பக்கம் அதுதான்: சேர்த்தது வேதத்திலிருந்தே வேதத்துக்குப் பாலம் போடுகிறது.

அடுத்து 2014இல் வந்த ஆரோனோஃப்ஸ்கியின் 'நோவா'. கல்லால் ஆன இராட்சதர்கள் நடமாடுகிறார்கள் என்று பலர் சிரித்தார்கள். ஆதியாகமம் 6:4இல் இராட்சதர் இருக்கிறார்கள். விழுந்துபோன காவல் தூதர்களைப் பற்றி ஏனோக்கின் புத்தகம் விரிவாகவே சொல்கிறது. பேழைக்குள் வெளிச்சம் தர 'த்சோஹார்' என்ற ஒன்றை வை என்று எபிரெயத்தில் வருவதை ஜன்னல் என்றும் ஒளிரும் கல் என்றும் ரபிமார் இரண்டு விதமாக எடுத்தார்கள். படத்தில் அது ஒளிரும் தாது. வீட்டுப்பாடம் செய்த இயக்குநர். ஆனால் எங்களுக்கு உதவியது வேறு. ஆதியாகமத்தில் நோவா வெள்ளம் வடிந்து, திராட்சரசம் குடித்து மயங்கி எழும் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை; 9ஆம் அதிகாரத்தில் முதன்முதலாக வாய் திறந்து சபிக்கிறார். அந்த மௌனத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று ஆரோனோஃப்ஸ்கி யோசித்திருக்கிறார். பேழையில் பிறந்த பேத்திகளை, மனித இனம் இதோடு முடிய வேண்டும் என்பதே கட்டளை என்று நம்பி, கத்தியோடு தேடிப் போகிறார் படத்தின் நோவா. பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "சித்தி, இது நம்ம கதைல்லா!" ஆமாம், 22ஆம் அதிகாரத்தைத் தூக்கிப் பேழைக்குள் வைத்திருக்கிறார். அங்கே தடுக்கத் தூதன் வரவில்லை. குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகக் கத்தியை இறக்குகிறார்.

இந்தப் பேச்சில்தான் சிறுத்தொண்டர் வந்தார். தமிழில் மகனைப் பலிகொடுத்த தகப்பன் என்றால் அவர் வராமல் இருப்பாரா? பைரவர் வேடத்தில் வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்க, திருச்செங்காட்டங்குடியில் சீராளனை அறுத்துச் சமைக்கிறார்கள். சேக்கிழார் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதில்லை. தாய் திருவெண்காட்டு நங்கை பிள்ளையின் கிண்கிணிக் கால்களை மடியில் இடுக்கி, கைகளைப் பிடித்துக்கொள்கிறாள். அப்பாவும் அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறான். ஆதியாகமத்துக்கும் பெரியபுராணத்துக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் எனக்கு அந்த மடிதான். இங்கே தாய் கூட இருக்கிறாள், கையும் கொடுக்கிறாள். அங்கே தாய்க்குச் சொல்லவே இல்லை. ராஷி என்ற 11ஆம் நூற்றாண்டு விளக்கவுரையாசிரியர், 22ஆம் அதிகாரத்தை ஒட்டியே சாராளின் சாவு வருவதற்குக் காரணம் சொல்கிறார்: மகன் பலிக்கட்டையில் கிடத்தப்பட்டு, அறுபடும் தறுவாய்க்குப் போனான் என்ற செய்தி கேட்ட மாத்திரத்தில் அவள் உயிர் பிரிந்தது.

மூன்றாவது பதிலை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், நாங்களும் அப்படித்தான் தாண்டினோம். வேதத்தின் மேல் நிற்கும் இன்னொரு புத்தகத்தைப் பிடித்துக்கொள்வது. ஸ்கார்செசி 1988இல் எடுத்த 'லாஸ்ட் டெம்ப்டேஷன்' கசான்சாகிஸின் நாவலிலிருந்து வந்தது. இது சுவிசேஷங்களை ஆதாரமாகக் கொண்டதல்ல என்று முதலிலேயே எழுத்துப் போட்டும் பாரிஸில் ஒரு திரையரங்குக்குத் தீ வைத்தார்கள். சிலியில் தடைசெய்து, அந்தத் தடை அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2001இல்தான் தீர்ப்பு வந்தது. மெல் கிப்சனின் 2004ஆம் வருஷத்து 'பேஷன்' எதிர்ப்பக்கம்: அரமேயம், லத்தீன் என்று மூல மொழிகளைப் பேசவைத்து அப்படியே நடந்ததைக் காட்டுவதாகத் தோற்றம் தருகிறது. ஆனால் பிலாத்துவின் மனைவி இரத்தம் துடைக்க மரியாளுக்குத் துணி கொடுக்கும் காட்சி எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. ஆன் கேதரின் எமெரிக் என்ற ஜெர்மானியக் கன்னிகையின் தரிசனங்களாக எழுதப்பட்டதிலிருந்து வந்தது. வாரினால் அடிப்பித்து என்று மத்தேயு அரை வரியில் தாண்டும் இடத்தில் கிப்சன் நிமிடக்கணக்கில் நிற்கிறார். யூதர்கள்மேல் பழி சுமத்துகிறது என்ற கண்டனம் எழுந்த பிறகு, "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும்" என்ற வரி ஒலியில் இருக்க, அதன் மொழிபெயர்ப்பு எழுத்து மட்டும் திரையிலிருந்து எடுக்கப்பட்டது. இதையும் மாத்தேராவில்தான் எடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே பாறை, நாற்பது வருஷ இடைவெளி; இரண்டு படத்தையும் ஒரே நாளில் பார்த்தால் ஊர் ஒன்றுதானா என்று சந்தேகம் வரும்.

ஸ்கார்செசி இது நாவல் என்று சொல்லிவிட்டார். கிப்சன் சொல்லவில்லை. இரண்டில் எது நேர்மை என்று பையனிடம் கேட்டேன், அவனுக்கும் சந்தேகமில்லை. ஆனால் 20 நிமிடப் படத்துக்கு நடுவில் இன்னொரு புத்தகத்தைக் கொண்டுவர இடமும் இல்லை, உரிமை வாங்கப் பணமும் இல்லை.

நான்காவது பதில், கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவா. பையனுக்கு உள்ளூர ஆசை இதில்தான் இருந்தது, அதனால் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. கீஸ்லோவ்ஸ்கி 1988, 89 வாக்கில் போலந்துத் தொலைக்காட்சிக்கு எடுத்த 'டெக்கலாக்' பத்துக் கட்டளைகளை வைத்துப் பத்துப் படங்கள். எல்லாம் வார்சாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கின்றன. கூட எழுதியவர் பியேசியெவிச் என்ற வக்கீல். முதல் படத்தில் ஒரு பேராசிரியரும் அவருடைய சின்ன மகனும். ஏரிப் பனிக்கட்டி எத்தனை எடை தாங்கும் என்று தகப்பன் கணினியில் கணக்குப் போடுகிறார். தாங்கும் என்கிறது கணினி. பையன் புதுச் சறுக்குக் காலணியோடு போகிறான். பனி உடைகிறது. பிறகு தகப்பன் பாதி கட்டிய கோயிலுக்குள் போய்ப் பலிபீடத்தைத் தள்ளிவிட, மெழுகு உருகி மாதாவின் படத்தின்மேல் சொட்டுகிறது, கன்னத்தில் கண்ணீர் இறங்குவதுபோல். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்" என்ற கட்டளை படத்தில் எங்கும் உச்சரிக்கப்படுவதில்லை.

கோயன் சகோதரர்களின் 'எ சீரியஸ் மேன்' (2009) யோபுவின் கதையை 1967இன் மினசோட்டாவுக்குக் கொண்டுபோகிறது. யோபுவுக்கு மூன்று சிநேகிதர்கள் என்றால் இந்த இயற்பியல் பேராசிரியருக்கு மூன்று ரபிமார். யோபுவின் புத்தகத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுவார். படம் சுழல்காற்று நெருங்கி வரும்போதே முடிந்துவிடுகிறது, யாரும் பேசுவதில்லை. நான் விழுந்து விழுந்து சிரிக்கும் படம். பையன் சிரிக்கவில்லை.

அவன் மனதில் இருந்தது இது: சாதி மானத்துக்காகப் பெற்ற மகளைக் கொல்லும் தகப்பன், அவன்தான் இன்றைய ஆபிரகாம். கேட்கும்போது நெஞ்சில் தைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். ஆபிரகாமின் கதையில் கேட்டவரே தடுக்கிறார். பிள்ளையின்மேல் கையைப் போடாதே என்பதில்தான் கதை திரும்புகிறது. சாதிக் கொலையில் அந்தக் குரல் வராது. ஊர் தடுக்காது, சில வேளை ஊரே கத்தியை எடுத்துக் கொடுக்கும். அந்தப் படத்தை நீ எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது வேறு படம். ஆபிரகாம் என்று பெயர் வைத்தால் கொலைகாரனுக்கு நீ ஒரு விசுவாச வீரனின் அங்கியைப் போர்த்திவிடுகிறாய். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த யோசனையை நோட்டின் வேறு பக்கத்தில் எழுதிக்கொண்டான். கீஸ்லோவ்ஸ்கி சம்பவத்தைப் பெயர்த்து நடவில்லை, கேள்வியை மட்டும் எடுத்துப்போனார் என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான் என்று நினைக்கிறேன்.

எந்த வழியில் போனாலும் வந்து முட்டும் ஒரு சுவர் உண்டு. மூன்றாவது ஞாயிறு முழுக்க அதிலேயே போனது. "கடவுளுக்கு யார் குரல் குடுக்குறது, சித்தி?" டெமில் எரியும் முட்செடியில் மோசேயாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனின் குரலையே வைத்தார். 1998இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' கார்ட்டூன் படத்திலும் மோசேக்கும் கடவுளுக்கும் ஒரே ஆள், வால் கில்மர். ஹூஸ்டன் தாமே கடவுளாகப் பேசிக்கொண்டார். இயக்குநர்களுக்கு வரும் ஆசைதான். ரிட்லி ஸ்காட் 2014இல் மோசேயின் முன் ஒரு பதினொரு வயதுப் பையனை நிறுத்தினார். ஆரோனோஃப்ஸ்கியின் நோவாவுக்குக் குரலே கேட்பதில்லை, கனவுதான்.

கேட்பவனின் சொந்தக் குரலைப் போடுவது எனக்குப் பிடித்த உபாயம், ஆனால் இந்தக் கதைக்கு ஆபத்து. கடவுள் ஆபிரகாமின் குரலில் பேசினால், எல்லாம் கிழவரின் பிரமை என்று படமே தீர்ப்பு எழுதிவிடும். கனத்த எதிரொலிக் குரல் போட்டால் மறுபக்கத் தீர்ப்பு. நான் சொன்னது: முதல் கட்டளையைக் காட்டவே வேண்டாம். கேட்டு முடித்த முகத்திலிருந்து தொடங்கு. தூதன் கூப்பிடும்போது மட்டும் "ஆபிரகாமே, ஆபிரகாமே" என்று ஒரு சாதாரணக் குரல், பக்கத்து வரப்பிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல. யோசிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அவன் வகுப்பில் முஸ்லிம் நண்பர்கள் உண்டு. இப்ராஹிம் அவர்களுக்கு நபி, நபிமாரை உருவமாகக் காட்டுவதே அவர்கள் மரபில் ஏற்பில்லாதது. 'நோவா' படத்தைக் கத்தாரும் பஹ்ரைனும் இந்தோனேசியாவும் தடுத்தது அதனால்தான். என்ன படத்துக்குக் கூப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடு என்றேன்.

பெயரும் ஒரு முடிவுதான். கிறிஸ்தவர்கள் இதை ஈசாக்கின் பலி என்போம். கட்டையைச் சுமந்து மலையேறும் மகனில் சிலுவை சுமந்தவரைப் பார்த்து, பாஸ்கா இரவில் வாசிப்போம். யூதர்கள் 'அகேதா' என்பார்கள், கட்டுதல் என்று பொருள். அவர்களின் புத்தாண்டின் இரண்டாம் நாள் வாசிப்பு இது. அவர்களுக்குக் கதை கயிற்றோடு நிற்கிறது, பலி நடக்கவே இல்லை. பையன் நோட்டில் முதலில் 'பலி' என்று எழுதியிருந்தான். இப்போது அடித்துவிட்டு 'கட்டு' என்று எழுதியிருக்கிறான். விறகுக் கட்டுக்கும் அதே சொல் என்பதில் அவனுக்கு ஒரே பெருமை.

என் யோசனையைக் கடைசியில் இப்படிக் கொடுத்தேன். பேச்சுக்கு முதல் வழி: 22ஆம் அதிகாரத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் யாரும் பேசக் கூடாது, பேசுகிற தமிழ் உன் தமிழாக இருக்கலாம். காட்சிக்கு இரண்டாவது வழி, ஆனால் ஒரே ஒரு இடைவெளியைத்தான் திறக்கலாம். இராட்சதன், சாத்தான், சோதோம் எதுவும் வேண்டாம். ஹூஸ்டனுக்குக் கோடிக்கணக்கில் பணம் இருந்தது, உன்னிடம் 80,000. எல்லாப் பள்ளத்தையும் நிரப்பினால் டெமில் ஆகிவிடுவாய். எந்த இடைவெளி என்பதை நீயே தேடு என்று விட்டுவிட்டேன். எனக்கு ஒன்று மனதில் இருந்தது, சொல்லவில்லை.

புதன்கிழமை ராத்திரி போன் பண்ணினான். மூன்றாம் வசனத்தைப் பாருங்கள் என்றான். ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணங்கட்டி, வேலைக்காரர் இரண்டு பேரையும் ஈசாக்கையும் கூட்டிக்கொண்டு, தகனபலிக்குக் கட்டைகளையும் பிளந்துகொண்டு புறப்பட்டுப்போனான். வேலைக்காரர் இரண்டு பேர் இருக்கையில் நூறு வயது தாண்டிய எஜமான் தானே விறகு பிளக்கிறார். விடியாத நேரம், கூடாரத் துணிச் சுவர். "அந்தச் சத்தம் உள்ள படுத்திருக்க சாராளுக்குக் கேட்டிருக்கும்லா, சித்தி? எதுக்கு இந்த நேரத்துல வெறகுன்னு நெனச்சிருப்பால்லா?"

அவன் கண்டுபிடித்தது எனக்குத் தோன்றியிருந்ததைவிட நல்லது. அம்மா வேடத்துக்கு அக்காவையே கேட்டிருக்கிறான். அவளுக்கு அதில் வசனம் ஒன்றும் கிடையாது, படுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தால் போதும். பசோலினியை மனதில் வைத்துத்தான் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. கழுதை பக்கத்து ஊரில் கிடைத்துவிட்டது, ஒரு நாள் வாடகைக்கு. உடைமரம் பிளக்கும் சத்தம் ஈரமாக இருந்தால் ஒரு மாதிரி, காய்ந்திருந்தால் ஒரு மாதிரி கேட்கிறதாம். இரண்டையும் விடியற்காலையில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். காய்ந்ததே நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.